முதல் ரிப்போர்ட்டில் 41, அடுத்ததில் 212: அப்பாவுக்குப் பருப்பு கொடுக்கலாமா?

வீரவநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, எங்க அப்பாவுக்கு வயது 56. கைத்தறி நெசவு. வயிற்றுப்போக்கு வந்து சரியாகிப் பத்து நாள் இருக்கும். ஒருநாள் காலையில் தறிக்குழியில் இறங்கியவர், 'மிதி கால்ல தட்டுப்படவே மாட்டேங்குது' என்றார். சாயங்காலம் அவரைக் குழியிலிருந்து தூக்கித்தான் வெளியே எடுத்தோம். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். புரதம் 41, நார்மல் என்று ரிப்போர்ட். ஆனாலும் ஜிபிஎஸ் என்கிற நரம்பு வியாதி என்று சொல்லி ஐந்து நாளில் 24 குப்பி இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள். எழுந்து நிற்கவில்லை. பயந்துபோய் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 13ஆம் நாள் அங்கே மறுபடி நீர் எடுத்தார்கள். புரதம் 212. இப்போது வீட்டில் இருக்கிறார். முதல் லேப் தப்பாகப் பார்த்துவிட்டது என்கிறார் அத்தான். முதுகில் ஊசி போட்டதால்தான் கால் போச்சு, முதுகுவலியும் அதனால்தான் என்கிறார் ஆச்சி. தம்பி போனில் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டில் 'பேண்ட்' என்று இருக்கிறது, இது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்கிற மூளை, தண்டுவட வியாதி என்கிறான். புரதம் கூடிவிட்டது என்று அம்மா முட்டை, பருப்பு, மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சிதான் கொடுக்கிறாள். மூன்றாம் தடவை நீர் எடுத்து, குறைந்திருக்கிறதா என்று பார்க்கணுமா?"

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. இன்று மதியச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்: அப்பாவுக்கு முட்டை கொடுக்க வேண்டும், பருப்பு கொடுக்க வேண்டும், சாளை கிடைத்தால் குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டும். உளுந்தம்பருப்புச் சோறு அவருக்குப் பிடிக்கும் என்றால் அதைவிட நல்லது இல்லை.

தண்டுவட நீரில் இருக்கிற புரதத்துக்கும் தட்டில் இருக்கிற புரதத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சாப்பிடுகிற பருப்பு குடலில் கரைந்து, சின்னச் சின்னத் துண்டாகப் பிரிந்து, உடம்பு தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளப் போய்விடுகிறது. பட்டினி கிடந்தாலும் முதுகுநீரில் புரதம் குறையாது, விருந்து சாப்பிட்டாலும் கூடாது. 'புரதம் போகுது, பருப்பைக் குறை' என்று சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்வதை எங்கேயோ கேட்டு அம்மா இதோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் 'புரோட்டீன்' என்று ஒரே சொல்தானே இருக்கிறது. அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக அசையாத காலில் சதை நாளுக்கு நாள் வற்றும். நரம்பு திரும்பி வரும்போது அங்கே இழுக்கச் சதை இருக்க வேண்டும். கஞ்சியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எதை வைத்து எழுந்திருப்பார்? ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், விழுங்கும்போது இருமலோ புரையேறுதலோ இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வியாதியில் தொண்டைச் சதையும் சோரலாம்.

இனி அந்த இரண்டு ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நான் நோயாளியைக் கட்டிலில் பார்க்கிற டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் பல வருஷமாக லேபில் உட்கார்ந்து, வார்டிலிருந்து வருகிற குழாய்களைப் பார்க்கிறவள். அதனால் இந்தக் கேள்வி என் கைக்கே வந்த கேள்வி மாதிரி இருக்கிறது.

இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான். 41ம் சரி, 212ம் சரி.

தண்டுவட நீர் பார்ப்பதற்குக் குப்பித் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். இரத்தத்தின் தெளிநீரில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 7000 மில்லிகிராம் புரதம் உண்டு. முதுகுநீரில் அதே அளவுக்கு 15 முதல் 45 மில்லிகிராம்தான். வயதானவர்களுக்கு 60 வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரத்தத்துக்கும் இந்த நீருக்கும் நடுவில் அவ்வளவு இறுக்கமான கரை இருக்கிறது. ஜிபிஎஸ் என்று சுருக்கிச் சொல்கிற கியான் பாரே வியாதியில், நரம்பு வேர்கள் தண்டுவடத்தை விட்டு வெளியேறுகிற இடத்தில் வீக்கம் உண்டாகிறது. அந்த இடத்தில் கரை கொஞ்சம் இளகலாகவே இருக்கும். வீங்கியதும் இரத்தப் புரதம் கசிந்து நீருக்குள் இறங்கிச் சேர்கிறது. அப்படிச் சேர நாளாகும். முதல் வாரத்தில் நீர் எடுத்தால் மூன்றில் ஒருவருக்கு, சில சமயம் பாதிப்பேருக்குக்கூட, புரதம் சரியான அளவிலேயே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் நன்றாக ஏறும். அப்பாவுக்கு எடுத்தது நாலாம் நாள். 13ஆம் நாள் 212க்கு வந்ததில் ஏற்றிய இம்யூனோகுளோபுலினுக்கும் சிறு பங்கு இருக்கலாம், அதுவும் புரதம்தானே. பெரும்பங்கு வியாதியின் போக்குதான்.

லேபுக்கு லேப் அளவு மாறாதா என்று அத்தான் கேட்பார். மாறும். ஆனால் 41 என்பது 36 ஆகும், 47 ஆகும். 212 ஆகாது. ஊசி போடும்போது இரத்தம் கலந்துவிட்டாலும் புரதம் கூடுதலாகக் காட்டும், அதற்கும் கணக்கு உண்டு: ஒரு கன மில்லிமீட்டரில் ஆயிரம் சிவப்பணுவுக்கு 1 மில்லிகிராம் கழிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளில் சிவப்பணு 30தான் இருக்கிறது. கழிக்க ஒன்றுமே இல்லை.

லேபில் தப்பு நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையின் முதுகுநீர்க் குழாய், சாப்பாட்டு நேரம் முழுக்க ஜன்னல் திண்டில் வெயில் பட்டுக்கொண்டு கிடந்தது. எங்கள் கைக்கு வந்தபோது அதில் இருந்த வெள்ளணுக்களில் பாதி சிதைந்துபோயிருந்தன. நாங்கள் எண்ணிச் சொன்ன கணக்கு குறைந்த கணக்கு. அந்தப் பிள்ளைக்கு மறுநாள் இன்னொரு முறை ஊசி போட வேண்டியதாயிற்று. பிள்ளையைக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டு அழுத அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து இந்தக் குழாய் வந்தால் கையில் இருக்கிற மற்ற வேலையை வைத்துவிட்டு முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஆனால் அப்படிக் கெடுவது அணுக்கள். புரதம் ஒரு மதியத்தில் கெடாது. அத்தானுடைய சந்தேகம் நியாயமானது, அவர் கைவைத்த எண்தான் தப்பு.

அந்தக் காலத்தில் இயந்திரம் இல்லாத லேபில் பேண்டி என்று ஒரு சோதனை செய்வோம். சின்னக் கண்ணாடிக் குழாயில் கார்பாலிக் அமிலக் கரைசலைத் தெளிவாக எடுத்துக்கொண்டு, கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்து, முதுகுநீரில் ஒரே ஒரு சொட்டு விடுவோம். புரதம் சரியான அளவில் இருந்தால் சொட்டு விழுந்த இடம்கூடத் தெரியாது. கூடியிருந்தால், தண்ணீரில் பால்துளி இறங்குகிற மாதிரி வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு கீழே போகும். உங்கள் அப்பாவின் நாலாம் நாள் நீரை அதில் விட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, 13ஆம் நாள் நீர் நன்றாகப் புகைந்திருக்கும். இன்று சாயத்தோடு சேர்த்து நிறம் எவ்வளவு மாறுகிறது என்று இயந்திரம் அளந்து எண்ணாகவே தந்துவிடுகிறது. ஆனாலும் அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு எண்ணின் அர்த்தம் சட்டென்று புரியும்.

உங்கள் இரண்டு தாளிலும் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. வெள்ளணு: முதலில் 2, பிறகு 3. எனக்கு 212ஐவிட இந்த 3தான் பெரிய செய்தி. புரதம் இவ்வளவு ஏறியும் அணுக்கள் ஏறவில்லை. 1916இல் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு டாக்டர்கள் கால் சோர்ந்த இரண்டு சிப்பாய்களின் முதுகுநீரில் கண்டது இதைத்தான். ஊசியால் இந்த நீரை எடுக்கும் முறையை ஜெர்மனியில் குவிங்கே என்பவர் 1891இல் கொண்டுவந்து அப்போது 25 வருஷம்தான் ஆகியிருந்தது. இளம்பிள்ளை வாதத்திலும் கால் சோரும், ஆனால் அதில் நீரில் அணுக்கள் கூடும். இந்தச் சிப்பாய்களுக்குக் கூடவில்லை, புரதம் மட்டும் கூடியிருந்தது. இது வேறு வியாதி என்று அதை வைத்துத்தான் பிரித்தார்கள். உங்கள் அப்பாவின் தாளில் இருக்கிற இரண்டு எண்களும் அந்தப் பழைய ஜோடிதான். வெள்ளணு 50க்கு மேல் போயிருந்தால்தான் டாக்டர் வேறு காரணம் தேடியிருப்பார்.

அதனால்தான் நாலாம் நாள் 41 என்று வந்தும் முதல் டாக்டர் மருந்தை நிறுத்திவைக்கவில்லை. வயிற்றுப்போக்குக்குப் பிறகு, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, கீழிருந்து மேலே ஏறுகிற சோர்வு, முட்டியில் தட்டினால் கால் துள்ளாதது, நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்த சோதனை, இதெல்லாம் சேர்ந்து அவருக்குப் பதில் சொல்லிவிட்டது. எண் கூடட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தால் மருந்து பலன் தருகிற நாள்கள் கழிந்துபோயிருக்கும். கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், ஐந்து கிராம் குப்பியில் 24. கணக்கும் சரியாக இருக்கிறது. அவர் நல்ல டாக்டர். அவர்மேல் கோபம் வேண்டாம். ஏற்றிய மறுநாளே எழுந்து நிற்கவைக்கிற மருந்து இல்லை அது. மேலே மேலே போவதைத் தடுத்து, திரும்பி வருவதைச் சீக்கிரமாக்கும்.

ஆச்சியின் பயத்துக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு பெண்ணும் இருபது வருஷம் கழித்து வருகிற இடுப்புவலிக்கும் அந்த ஊசியைத்தான் காரணம் சொல்கிறாள். ஆச்சியிடம் தறியை வைத்தே சொல்லுங்கள். கெட்டியான தண்டுவடம் முதுகின் மேல்பாதியைத் தாண்டி, இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் கணுவோடு முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்று நான்காம் கணுவுக்கு நடுவில். அங்கே தண்டு கிடையாது. பாவு நூல் மாதிரி நரம்பு இழைகள் தனித்தனியாக நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். பாவுக்குள் ஒரு குச்சியை விட்டால் நூல் விலகி வழிவிடுமே, அப்படி விலகிவிடும். எடுத்த நீர் பத்து மில்லிலிட்டர் இருக்கும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீரை ஊற வைக்கிறது. எடுத்தது அரைமணி நேரத்தில் ஊறிவிடும். அதைவிட முக்கியம், கால் போனது முதல் நாள், ஊசி போட்டது நாலாம் நாள். ஆச்சியிடம் நாளைச் சொல்லுங்கள், அவர்களே புரிந்துகொள்வார்கள்.

முதுகுவலி? அது இந்த வியாதியின் வலி. வீங்கிய நரம்பு வேர்கள் முதுகிலும் தொடையிலும் நல்ல வலியைக் கொடுக்கும். ஊசி போடாதவர்களுக்கும் இது வரும். அப்பா பொறுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை, இதற்கென்றே நரம்புவலி மாத்திரைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஊசியால் பெரும்பாலும் வருவது தலைவலிதான்: உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், சில நாளில் போய்விடும்.

தம்பி கண்ட 'பேண்ட்' விஷயம். பேண்ட் என்றால், சோதனையில் எதிர்ப்புப் புரதம் பிரிந்து காட்டுகிற கோடு. வெளியூர் லேபிலிருந்து வந்த அந்தத் தாளை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் ஒரே மாதிரிக் கோடுகள்' என்று இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். கன்னடியன் கால்வாயிலிருந்து கசிந்து வந்ததா, வயலுக்குள்ளேயே ஊற்றெடுத்ததா என்று எப்படித் தெரியும்? வாய்க்கால் தண்ணீரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் முதுகுநீர் எடுத்த அன்றே கையிலும் இரத்தம் எடுத்தார்கள். நீரில் மட்டும் கோடுகள் இருந்து இரத்தத்தில் இல்லையென்றால், மூளை தண்டுவடப் பகுதிக்குள்ளேயே எதிர்ப்புப் புரதம் ஊறுகிறது என்று பொருள். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸில் காண்பது அதுதான். இரண்டிலும் ஒன்றுபோல இருந்தால் அது இரத்தத்திலிருந்து வந்தது. ஜிபிஎஸ்ஸில் இது சகஜம்.

அதே தாளில் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தின் கணக்கும் இருக்கிறது. அல்புமினை ஈரல் மட்டுமே செய்கிறது, மூளை செய்யாது. ஆகவே முதுகுநீரில் இருக்கிற அல்புமின் முழுக்கக் கசிந்து வந்ததுதான். அப்பாவுக்கு நீரில் 114, இரத்தத்தில் 3800. வகுத்தால் ஆயிரத்துக்கு 30. அவர் வயதுக்கு 8க்குள் இருக்க வேண்டும். கரை உடைந்து கசிகிறது, உள்ளே ஊற்று இல்லை. தம்பி நல்லெண்ணத்தில்தான் தேடியிருக்கிறான். ஆனால் இந்த நீரில் ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு புரதத்தைத் தேடுகிறோம். மறதி நோய்க்கு அமிலாய்ட் என்ற புரதத்தைப் பார்க்கும்போது அது குறைந்திருப்பதுதான் கெட்ட சேதி. அதுவும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கென்று தனிப் பிளாஸ்டிக் குழாயில் எடுக்க வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலில் புரதத்தோடு அணுவும் கூடி, சர்க்கரை இறங்கி, குழாயை அசைக்காமல் வைத்தால் சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் கட்டும். தண்டுவடம் கட்டியால் அடைபட்டவரின் நீர் மஞ்சளாக வந்து குழாயிலேயே நுங்கு மாதிரி உறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். 'புரதம் கூடியிருக்கிறது' என்ற இரண்டு சொல்லைப் போனில் போட்டால் இத்தனையும் கலந்து வரும். பாவம், அவன் என்ன செய்வான்?

மூன்றாம் தடவை நீர் எடுக்க வேண்டாம். என்னைக் கேட்டிருந்தால் இரண்டாவதுகூட வேண்டியதில்லை என்றுதான் சொல்லியிருப்பேன், ஆனால் புதிதாகப் பார்க்கிற டாக்டர் உறுதிசெய்துகொள்ள நினைத்ததும் நியாயம்தான். இந்த எண் வியாதியின் பெயரைச் சொல்லுமே தவிர, அளவைச் சொல்லாது. 212 வந்தவர் சீக்கிரம் நடந்திருக்கிறார், 90 வந்தவர் பல மாதம் படுத்திருக்கிறார். மெதுவாக, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது தானாக இறங்கும். அதை இறக்க மருந்து இல்லை, தேவையும் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜிபிஎஸ்ஸில் அது பலன் தருவதில்லை. எட்டு வாரம் தாண்டியும் சோர்வு கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ டாக்டரே மறுபடி யோசிப்பார். அது வேறு கதை.

அளக்க வேண்டியதைச் சொல்கிறேன், வீட்டிலேயே அளக்கலாம். தினமும் காலையில் அப்பாவை மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தாலோ, 20ஐ எட்டாமல் நின்றாலோ, குரல் கம்மினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி பிடித்துப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ, தீவிர சிகிச்சை வசதியுள்ள வேறு எங்கேயோ கொண்டுபோய்விடுங்கள். அப்புறம், குதிகாலைப் படுக்கையிலிருந்து தானாகத் தூக்க முடிகிறதா, கட்டைவிரல் அசைகிறதா, யார் துணையில் எத்தனை நிமிஷம் உட்காருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாதம் முன்னால் தொங்கிவிடாமல் உள்ளங்காலுக்குத் தலையணை அணை கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவையுங்கள். இயன்முறை மருத்துவர் சொல்லித் தருகிற பயிற்சியைத் தம்பியிடம் ஒப்படையுங்கள், அவனுக்கும் அந்தப் பொறுப்பு நல்லது.

பாவுக்குக் கஞ்சி போடாமல் நெய்தால் நூல் அறுமே, அந்தக் கஞ்சி மாதிரி நரம்பின் மேல் ஒரு பூச்சு உண்டு. இந்த வியாதியில் பெரும்பாலும் உரிவது அந்தப் பூச்சுதான், உள்ளே நூல் இருக்கிறது. பூச்சு திரும்ப வளரும். பத்தில் எட்டுப் பேர் ஆறு மாதத்தில் துணையில்லாமல் நடக்கிறார்கள். சிலருக்குக் களைப்பும் பாதத்து மரமரப்பும் ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும். அப்பாவிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். தறிக்குழியில் இறங்குவதைப் பற்றி, பிடிக்காமல் நின்று, உட்கார்ந்த இடத்திலிருந்து தானே எழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதல் ரிப்போர்ட் தப்பு என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு தாளின் மேல்மூலையிலும் பேனாவால் '4ஆம் நாள்', 'மருந்துக்கு முன்' என்றும், '13ஆம் நாள்', 'மருந்துக்குப் பின்' என்றும் எழுதி, ஒன்றின் பின்னால் ஒன்றாகப் பின் அடித்து வையுங்கள். அடுத்துப் பார்க்கிற டாக்டர் யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.